ஜன்னல் வீட்டு அக்கா

அந்த வீட்டைப் பார்க்கப் போன முதல் நாள், உள்ளே எப்படி நுழைவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. சேரன்மகாதேவிக்கு எனக்கு மாறுதல் வந்திருந்தது. ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தர் வேலை. கணவருக்குத் திருநெல்வேலியில் ஒரு மருந்து மொத்தக்கடையில் வேலை. தினமும் ரயிலில் போய்வருவதாக ஏற்பாடு. மாடி காலியாக இருக்கிறது என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்லி அனுப்பிய வீட்டின் முன்னால் இருவரும் வெயிலில் நின்றோம். சுற்றுச்சுவரில் கேட் இருக்க வேண்டிய இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு ஜன்னல் நின்றது. மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு கதவுகள். எல்லாவற்றுக்கும் பச்சைப் பெயின்ட்.

"ஜன்னலைத் தட்டலாமா?" என்று தயங்கினார் கணவர். பிறகு தட்டினார்.

மேல் கதவுகளில் ஒன்று திறந்தது. கம்பிகளுக்குப் பின்னால் ஒரு முகம். இரண்டு பக்கமும் மூக்குத்தி, தலையில் சுற்றிய ஈரத்துண்டு.

"யாரு வேணும்?"

"மாடி வாடகைக்குன்னு சொன்னாங்க..."

"உத்தியோகம் யாருக்கு? ஒங்களுக்கா, அவ்வோளுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"மீனு வைப்பியளா?"

அந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வீட்டைக் கொடுக்கும், எந்தப் பதில் கெடுக்கும் என்று தெரியாமல் நான் விழித்தேன். "வைப்போம்" என்றேன்.

"நல்லதாப் போச்சு. நாங்களும் வைப்போம். உள்ள வாங்க."

சொல்லிவிட்டு மேல் கதவைச் சாத்திக்கொண்டாள். எப்படி உள்ளே போவது? கணவர் கீழ்க் கதவைக் குனிந்து பார்த்தார். அவருடைய தொப்பைக்கு அது வழிவிடாது. கீல் கிறீச்சிட்டது. சட்டம், கம்பி, நான்கு கதவு எல்லாம் சேர்ந்து மொத்த ஜன்னலும் கேட்டுபோல ஒருபக்கமாகத் திறந்து வழிவிட்டது.

அக்காவின் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தபால்காரர் முதல் மீன்காரம்மா வரை எல்லாருக்கும் அவள் ஜன்னல் வீட்டு அக்காதான்.

அவளுடைய கணவர், நான் அண்ணன் என்று கூப்பிட்டவர், சொந்தமாக ஒரு சின்னச் சரக்கு வண்டி ஓட்டினார். வீடு இடிக்கிற இடத்தில் கல்லும் மண்ணும் அள்ளிக்கொண்டுபோய்க் கொட்டுவதுதான் அவருக்குப் பெரும்பாலும் கிடைக்கிற வாடகை. பத்தமடையில், வீரவநல்லூரில், மேலப்பாளையத்தில் என்று எங்கே பார்த்தாலும் பழைய வீட்டை இடித்துப் புது வீடு எழும்பிக்கொண்டிருந்த காலம். நல்ல தேக்கு ஜன்னல்களைப் பழைய மரக்கடைக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஒரு கதவு போனது, கீழ்ச்சட்டம் கறையான் தின்றது, மழையில் உப்பிக் கோணிப்போனது, இதெல்லாம் யாருக்கும் வேண்டாம். "வெந்நி போட ஆவும், ஏத்திக்கிட்டுப் போ" என்று அண்ணனின் வண்டியில் போட்டுவிடுவார்கள். அண்ணனும் விறகுக்கு என்றுதான் கொண்டுவருவார். ஆனால் அக்கா ஒன்றையும் அடுப்பில் வைக்க விட்டதில்லை.

ஏன் என்று கேட்டால், கேட்கிற ஆளுக்குத் தக்கபடி பதில் வரும். என் கணவரிடம், "பழைய பெயின்டு புகை ஆவாதுல்லா தம்பி, நெஞ்சக் கரிக்கும்" என்றாள். மீன்காரம்மாவிடம், "எரிச்சா வீட்டுல பொம்பளப்பிள்ளைக்கு ஆகாதாம், ஒரு சாமியாடி சொன்னாரு" என்றாள். எந்தச் சாமியாடி என்று கேட்டதற்கு, அவர் இப்போது செத்துப்போய்விட்டார் என்றாள். நான் ஒருமுறை கேட்டபோது, உளுந்து களைந்துகொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, "எத்தன பேரு அதுல கன்னத்த வச்சுக்கிட்டு ரோட்டப் பாத்துருப்பா! அதப் போயி தீய வைக்கச் சொல்லுதியே, ஒனக்கு மனசு வருதா?" என்று என்மேலேயே பாய்ந்தாள். நான் எதையும் தீயில் வைக்கச் சொல்லவில்லை.

கம்பி வைத்த ஜன்னல் ஒன்று அடுப்படிக்கு மேலே உத்தரத்திலிருந்து சங்கிலியில் படுக்கையாகத் தொங்கியது. கம்பிக்குக் கம்பி எஸ் கொக்கி மாட்டி, கரண்டி, வாணலி, இட்லிச் சட்டி, பால் சட்டி எல்லாம் அதில் ஆடும். காற்றடித்தால் கோயில் மணி மாதிரி ஒரு சத்தம் வரும். மொட்டைமாடியில், செங்கல் அடுக்கிக் கட்டிய பெட்டிக்கு மேலே கண்ணாடி ஜன்னல் ஒன்றை மூடியாகப் போட்டிருந்தாள். உள்ளே வடகமும் மோர்மிளகாயும் காயும். காக்கை வந்து கண்ணாடிமேல் உட்கார்ந்து, கண்ணுக்கு நேரே கிடப்பதைக் கொத்தக் கொத்த அலகு வழுக்கும். அக்கா கீழேயிருந்து அதைப் பார்த்து ரசிப்பாள். "கொத்து, கொத்து, ஒங்கப்பன் வீட்டு வடகமா?" என்பாள். கோழிக்கூட்டுக்கு வாசல் ஜன்னல். அவரைக்கொடி ஏறியது ஜன்னலில். அவர்கள் படுக்கிற கட்டிலின் தலைமாட்டுப் பலகைகூட ஒரு ஜன்னல் கதவுதான். அதில் பழைய கொண்டி அப்படியே இருந்தது. அண்ணன் சட்டையை அதில்தான் மாட்டுவார்.

எல்லாவற்றையும்விட எங்களுக்குப் பயன்பட்டது சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த ஜன்னல். தடுப்புச்சுவரை இடுப்பளவு உடைத்து, மேலே ஒரு இரட்டைக் கதவு ஜன்னலைக் கம்பியில்லாமல் பொருத்தியிருந்தாள். சோறு, குழம்பு எல்லாம் அதன் வழியாகத்தான் கூடத்துக்கு வரும். அண்ணனுக்கும் அவளுக்கும் சண்டை வந்தால் இரண்டு கதவும் படாரென்று சாத்திக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் ஒரு கதவு மட்டும் திறந்தால் காபி உண்டு, பேச்சு இல்லை என்று அர்த்தம். இரண்டு கதவும் திறந்துவிட்டால் சமாதானம். மாடியிலிருந்து இறங்கும்போது அந்த ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அண்ணனிடம் என்ன பேசலாம் என்று நாங்கள் முடிவு செய்வோம்.

அவளுடைய வேகம் தன் வீட்டோடு நிற்கவில்லை என்பதுதான் தெருவுக்குச் சங்கடம். யார் வீட்டிலாவது விசேஷம் என்றால் பரிசாக ஜன்னல் வரும். கல்யாணத்துக்குப் போட்டோ சட்டமாக வரும். புதுவீட்டுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி பதித்து வரும். அக்கா தெருவில் எதையாவது தூக்கிக்கொண்டு நடந்தால் போதும், பல வீடுகளில் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். எனக்கும் வந்தது. என் மகள் தவழ ஆரம்பித்த சமயம், மாடிப்படி உச்சியில் ஒரு சின்னக் கம்பி ஜன்னலைக் கீல் வைத்து அடித்துவிட்டுப் போனாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மகள் அந்தக் கம்பிகளைப் பிடித்துத்தான் முதன்முதலாக எழுந்து நின்றாள். நின்று, கீழே முற்றத்தில் நடக்கிறதையெல்லாம் மணிக்கணக்கில் பார்ப்பாள். "பாத்தியா, மேஸ்திரி மேலயிருந்து வேல வாங்குதா" என்று அக்கா அண்ணாந்து சிரிப்பாள்.

இனி அக்கா ஜன்னலில் செய்த மேஜைச் சமாச்சாரத்துக்கு வருகிறேன்.

அக்காவுக்கு ஒரே மகள். பாளையங்கோட்டையில் படித்து முடித்திருந்தாள். வள்ளியூரிலிருந்து ஒரு இடம் வந்தது. கொண்டுவந்தவர் பாத்திரக்கடை அண்ணாச்சி. கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தவர், அடுத்த தெருக்காரர். அக்கா வீட்டை ஒட்டிக் கிடந்த காலிமனையும் அவருடையதுதான். வெள்ளை வேட்டியில் ஒரு பொட்டு அழுக்கு ஆகாது அவருக்கு. நடந்தால் குளத்தில் கொக்கு நடப்பதுபோல இருக்கும்.

மாப்பிள்ளை வீட்டார் வருகிற அன்று மகள் காலையிலிருந்தே கெஞ்சினாள். "அம்மா, அந்த மேசைய மட்டும் உள்ள தூக்கிப் போட்டுரு. பழைய சாமான் கடைனு நெனைக்கப்போறாவ."

"நல்ல தேக்குட்டி அது. ஒன் மாமியாரு வீட்டுல இருக்காது, பாத்துக்க."

அந்த மேஜை அக்காவின் கைவேலைகளில் தலைசிறந்தது. கம்பிகளைக் கழற்றிவிட்டு, ஜன்னலைச் சட்டத்தோடு கவிழ்த்து நான்கு கால் வைத்திருந்தாள். கதவுகள் இரண்டும் மேஜைப் பலகை. மெழுகு தேய்த்து மினுக்கியிருந்தாள். ஒரே ஒரு விஷயம், அந்தக் கதவுகள் கீழ்நோக்கித் திறக்கிறவை. நடுவில் இருந்த தாழ்ப்பாள்தான் காவல். "அது எதுக்குக்கா, ஆணி அடிச்சுர வேண்டியதுதானே" என்று நான் கேட்டிருக்கிறேன். "தொறக்காத ஜன்னலு என்ன ஜன்னலு?" என்றாள்.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஒருபக்கம், எதிரே அண்ணாச்சி. அல்வா, மிக்சர், காபி எல்லாம் மேஜைமேல் வந்தன. பெண் வந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். பேச்சு நல்லபடியாகத்தான் போனது. அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம். பேசும்போது விரல் சும்மா இராது. கடையில் உட்கார்ந்தால் குடத்தின் வாயைத் தட்டுவார், மூடியைச் சுழற்றுவார். இங்கே விரலுக்கு அகப்பட்டது தாழ்ப்பாள். முன்னே தள்ளினார், பின்னே இழுத்தார். "பையன் தங்கம்லா, ஒரு கெட்ட பழக்கம் கெடயாது" என்று சொல்லிக்கொண்டே ஒரு இழுப்பு, மேஜை திறந்துகொண்டது.

காபி, அல்வா, மிக்சர் அத்தனையும் அந்த ஓட்டை வழியாக இறங்கி அண்ணாச்சியின் மடியில் உட்கார்ந்தன. சூடு ஆறிய காபி என்பதால் உடம்புக்கு ஒன்றுமில்லை. வேட்டிதான் போயிற்று. அப்போது அக்கா சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து முடியாமல், சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவளைப் பார்த்து மாப்பிள்ளையின் அப்பாவும் ஆரம்பித்தார்.

"நல்லவேள, பேசி முடிச்சப்பொறவு தொறந்துச்சு" என்றார் அவர். "எங்களுக்குப் பொண்ணப் புடிச்சிருக்கும்மா. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கேன். சீர்வரிசையில ஜன்னலு மட்டும் வைக்காதிய."

அண்ணாச்சி சிரிக்கவில்லை. எழுந்து வேட்டியிலிருந்த அல்வாவை உதறினார். அது உதறினாலும் போகவில்லை. "நாலு பேரு முன்னால என்னயக் கோமாளி ஆக்கிட்டிய. இனிமே இந்த வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்" என்றார்.

அக்கா அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தால் அதோடு போயிருக்கும். அவளோ சிரிப்பு அடங்காமலே, "மிதிக்கதுக்கு இங்கன வாசலா இருக்கு அண்ணாச்சி? ஜன்னல்லா இருக்கு!" என்றாள்.

கல்யாணம் வள்ளியூரில் நன்றாக நடந்தது. அண்ணாச்சி வரவில்லை.

அதற்கடுத்த ஐப்பசி மழையில் அண்ணன் விழுந்தார். வண்டியில் ஏற்றிய கருங்கல் சரிந்தது. தப்பிக்கக் குதித்தவர் ஈரத்தில் வழுக்கி விழுந்து தொடையெலும்பு முறிந்துபோனது. பாளையங்கோட்டையில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்து அனுப்பினார்கள். மாதக்கணக்கில் படுக்கையில்தான் இருக்க வேண்டும், காலை ஊன்றவே கூடாது என்றார்கள். கீழ்த்தளத்தில் கழிப்பறை ஒட்டியிருந்தது உள்ளறை ஒன்றுக்குத்தான். அந்த உள்ளறையில் அவரைப் படுக்க வைத்தார்கள்.

அந்த அறைக்குள் நான் அதுவரை போனதில்லை. போனபோதுதான் கவனித்தேன். வீடு முழுக்க ஜன்னலாக இருக்கிற அந்த வீட்டில், அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. அதன் சுவர் அண்ணாச்சியின் காலிமனையை ஒட்டியது. வீடு கட்டுகிற காலத்திலேயே அண்ணாச்சி கறாராகச் சொல்லியிருந்தாராம், என் மனையைப் பார்த்து ஒரு துவாரம்கூட வைக்கக் கூடாது, நாளைக்கு நான் கட்டும்போது வழக்கு வரும் என்று. பகலிலும் விளக்குப் போட்டால்தான் ஆள் முகம் தெரியும்.

ஊர் ஊராக வண்டியில் சுற்றின மனிதர். அம்பாசமுத்திரம் ரோட்டில் எந்த வளைவில் எந்த மரம் நிற்கிறது என்று சொல்லுவார். அவருக்குப் பார்க்க இருந்தது ஒரு மின்விசிறி. முதலில் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டதற்குப் பதில் மட்டும் சொன்னார். பிறகு சோற்றுத் தட்டைப் பாதியில் தள்ளினார். பார்க்க வந்தவர்களுக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப்பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா சும்மா இருப்பாளா? முகம் பார்க்கும் கண்ணாடி பதித்த ஜன்னல் கதவு ஒன்றை அறை வாசலில் சாய்த்து வைத்தாள். படுத்தபடியே முற்றமும் கோழிகளும் அவருக்கு அதில் தெரிந்தன. நல்ல யோசனைதான். ஆனால் வெயில் ஏறியதும் கண்ணாடியில் பட்ட சூரியன் நேராக அவர் கண்ணில் அடித்தது. "ஏளா, கண்ணு அவிஞ்சிரும்போல இருக்கு, எடு" என்று கத்தினார். அடுத்து, கதவோடு கூடிய ஒரு ஜன்னலைக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். கம்பிகளுக்குப் பின்னால் ஒரு பெரிய காலண்டர் படம் ஒட்டியிருந்தாள். குற்றாலம்போல ஒரு அருவி, பாறை, பச்சை மரங்கள். என்னையும் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு, திரை விலக்குகிற மாதிரி இரண்டு கதவையும் திறந்து காட்டினாள்.

"பாருங்க, அருவியப் பாருங்க!"

அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"அந்தக் கதவச் சாத்து" என்றார். "பொய்யிக்கு எதுக்குக் கதவு?"

அக்கா பைய இரண்டு கதவையும் சாத்தினாள். தாழ்ப்பாளும் போட்டாள். பிறகு என்னோடு மாடி ஏறிவந்து, என் அடுப்படித் தரையில் உட்கார்ந்தாள். நான் காபி போட்டுக் கொடுத்தேன். குடித்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான். என் மகள் வந்து மடியில் ஏறி, அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "ஏட்டி, சாய்ங்காலம் என்கூடக் கடைத்தெருவுக்கு வாறியா?" என்றாள்.

பாத்திரக்கடையில் அண்ணாச்சி நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒரு தூக்குவாளியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"என்ன வேணும்?"

"ஒரு ஜன்னலு வேணும் அண்ணாச்சி" என்றாள் அக்கா.

"இங்கன பாத்திரம் மட்டுந்தான் விக்கேன்."

"அவ்வோ படுத்திருக்க ரூமுல, ஒங்க மனையப் பாத்த சொவத்துல. சின்னதா ஒண்ணு வச்சுக்கிடுதேன்."

"ஊரு பூரா ஜன்னலத் தூக்கிட்டு அலஞ்சியள்லா. எனக்கும் ஒண்ணு மடியில தொறந்து காட்டுனிய. இப்ப எங்கிட்டயே வந்து கேக்கிய."

"ஆமா அண்ணாச்சி."

வேறு எதுவும் அவள் சொல்லவில்லை. பதிலுக்குப் பதில் வரும் என்று காத்திருந்த அண்ணாச்சிக்கு அது என்னவோ போலாகிவிட்டது. தூக்குவாளியை வைத்துவிட்டு மூடியை எடுத்தார்.

"நாளைக்கி நான் வீடு கட்டுவேன். அப்பம் காத்து வருது, வெளிச்சம் வருது, அடைக்கக்கூடாதுன்னு கோர்ட்டுக்குப் போவிய."

"நீங்க கட்டுதன்னிக்கி நானே செங்கல் வச்சு அடைச்சுத் தாரேன். இந்தப் பிள்ள சாட்சி."

"பாப்போம்" என்றார் அண்ணாச்சி. அதற்கு இல்லை என்று அர்த்தம் என நான் நினைத்துக்கொண்டேன். திரும்பும் வழியில் அக்கா, சட்டப்படி எவ்வளவு தூரம் தள்ளி ஜன்னல் வைக்க வேண்டும், ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுச் சொல்வாயா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை என்னிடம் கேட்டாள்.

ஆனால் இரண்டாம் நாள் சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். வாசல் மிதிக்க மாட்டேன் என்று சொன்ன மனிதர் ஆயிற்றே, தெருவிலேயே நின்று ஜன்னல் கேட்டைத் தட்டினார். அக்கா மேல் கதவைத் திறந்தாள்.

"அவன் எப்படி இருக்கான்?"

"வந்து பாருங்க."

கொஞ்சம் யோசித்தார். பிறகு வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். நான் உள்ளறையில் நாற்காலி போட்டேன். அவர் உள்ளே போய் உட்கார்ந்ததும் மின்சாரம் போயிற்று. அந்த நேரத்துக்குத் தினமும் போவதுதான். ஆனால் இப்போது நினைத்தாலும், அக்கா நேரம் பார்த்துத்தான் கதவைத் திறந்தாளோ என்று ஒரு சந்தேகம் எனக்கு உண்டு. மெழுகுவத்தி எடுக்கப்போன என் கையைப் பிடித்து அவள் நிறுத்தினாள்.

இருட்டில் இரண்டு குரல்கள் மட்டும் கேட்டன.

"ஏலே, இங்கன என்னத்தலே தெரியும் ஒனக்கு?"

"ஃபேன் தெரியும் அண்ணாச்சி."

"இப்பம்?"

"இப்பம் அதும் இல்ல."

புழுக்கத்தில் அண்ணாச்சி துண்டால் விசிறிக்கொள்வது கேட்டது. பிறகு, "நீ எப்படிலே இதுக்குள்ள கெடக்க?" என்றார். அண்ணன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

வெளியே வந்த அண்ணாச்சியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அக்காவைப் பார்க்காமல், "காலையில கொத்தனார வரச் சொல்லுங்க. என் பக்கம் சீமக்கருவ முள்ளு கெடக்கு, ஆள விட்டு வெட்டித் தாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் அந்த வீட்டில் ஒரு கூத்து நடந்தது. எந்த ஜன்னலை வைப்பது? சும்மா சாய்த்து வைத்திருந்தவற்றை மட்டுமல்ல, அவரைக்கொடியிலிருந்தும் கோழிக்கூட்டிலிருந்தும்கூடப் பிடுங்கிக் கொண்டுவந்து முற்றத்தில் வரிசையாக நிறுத்தினாள். கோழிகள் தெருவுக்குப் போய்விட்டன. ஒன்றைத் தொட்டுப் பார்ப்பாள், தலையை ஆட்டுவாள், அடுத்ததுக்குப் போவாள். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவ்வளவு யோசிக்கவில்லை. கடைசியில் அகலமான, உயரம் குறைந்த ஒன்றை எடுத்தாள். வேப்பமரச் சட்டம், இரண்டு கதவு, கம்பிகள் நெருக்கமில்லாதது.

கொத்தனார் வழக்கமான உயரத்தில் சுவரில் கோடு போட்டார். அக்கா பார்த்தாள். "இருங்க" என்று சொல்லிவிட்டு, அண்ணனைப் பக்கத்துவீட்டு ஆட்கள் இருவரை விட்டுப் பைய நகர்த்தி ஓரத்தில் படுக்க வைத்தாள். காலி செய்த இடத்தில் தான் ஏறி மல்லாந்து படுத்தாள். தலையணையில் தலையை வைத்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். அருகருகே கட்டிலில் இரண்டு பேரும் கிடந்த கோலத்தைப் பார்த்து எங்களுக்குச் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை.

"இங்கனயிருந்து பாத்தா வானம் மட்டுந்தான் தெரியும். இன்னும் கீழ எறக்குங்க."

கொத்தனார் இறக்கினார்.

"இன்னும் கீழ."

"ஏக்கா, முழங்காலு ஒசரத்துலயா ஜன்னலு வைப்பாவ? பாக்கவன் என்னயல்லா ஏசுவான்!"

"பாக்கவன் நிப்பான். இவ்வோல்லா படுத்திருக்காவ."

சாக்பீஸை வாங்கி, படுத்தபடியே கையை நீட்டித் தானே கோடு போட்டாள்.

சுவர் உடைந்து முதல் கல் வெளியே விழுந்ததும் வெளிச்சம் ஒரு முழத்துண்டுபோல அண்ணனின் மார்மேல் வந்து கிடந்தது. அவர் கையால் அதைத் தொட்டார். முழு ஜன்னலும் பொருந்தியபிறகு அவருக்குக் கிடைத்தது பெரிய காட்சி ஒன்றும் இல்லை. முள் வெட்டிய காலிமனை, அதில் மேய்கிற ஆடு, அதற்கப்பால் வாய்க்கால் கரை, கரைமேல் சைக்கிளில் போகிறவர்களின் கால்கள், ஒரு துண்டு வயல். மத்தியானச் சோற்றை அவர் முழுதும் சாப்பிட்டார். "ஏளா, அந்த ஆடு யாரு ஆடு? வெளஞ்ச நெல்லுல வாய வைக்கு பாரு!" என்று அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தபோது, சமையலறையில் அக்கா கரண்டியை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

அந்த ஜன்னல் வழியாக அண்ணனிடம் பேச வேண்டுமென்றால் குந்தி உட்கார வேண்டும். வாய்க்காலுக்குப் போகிறவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். ஒருநாள் ஆடு தலையை உள்ளே நீட்டி அவர் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளை விளையாட்டுப் பக்கத்தோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது. கடை சாத்துகிற நேரத்தில் அண்ணாச்சியே வர ஆரம்பித்தார். முதலில், மனையைப் பார்க்க வந்த மாதிரி நின்றார். பிறகு குனிந்தார். பிறகு கடையிலிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து தன் மனையில் நிரந்தரமாகப் போட்டுக்கொண்டார். வேட்டியில் செம்மண் ஒட்டியிருக்கும். அதைப் பற்றி அவருக்கு ஞாபகமே இல்லை. உள்ளே ஒருவர் படுத்துக்கொண்டும் வெளியே ஒருவர் உட்கார்ந்துகொண்டும் மழையைப் பற்றி, அரசியலைப் பற்றி, மருமகன்களைப் பற்றிச் சத்தமாகச் சண்டை போடுவார்கள். அக்கா கம்பிகளுக்கிடையே காபித் தம்ளரை வெளியே நீட்டுவாள். "கையில புடிங்க அண்ணாச்சி, மடியில இல்ல" என்பாள். அவர் ஒரு முறை முறைத்துவிட்டு வாங்கிக்கொள்வார்.

பங்குனிவாக்கில் அண்ணன் கம்பு ஊன்றி நடந்தார். கொஞ்ச நாளில் எனக்கு மாறுதல் வந்து நாங்கள் திருநெல்வேலிக்கே போய்விட்டோம்.

சில வருஷம் கழித்து அக்கா போனில் பேசினாள். அண்ணாச்சி மனையில் வீடு கட்ட ஆரம்பித்துவிட்டார் என்றாள்.

"அப்ப ஜன்னல்?"

"செங்கலு வாங்கி அடுக்கியாச்சு. சொன்ன சொல்லுல்லா" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நான் அதற்குமேல் கேட்கவில்லை.

பால் காய்ப்புக்கு எங்களுக்கும் அழைப்பு வந்தது. புது வீடு பளபளவென்று இருந்தது. எல்லா அறையிலும் வெள்ளைவெளேரென்று இழுத்துத் திறக்கிற ஜன்னல்கள். அக்கா வீட்டுப் பக்கம் ஆள் நடக்கிற அளவுக்குச் சந்து ஒன்று விட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்து அறைக்குள் நுழைந்தபோது நான் நின்றுவிட்டேன். சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், பழைய வேப்பமர ஜன்னல் ஒன்று இருந்தது. மெழுகு தேய்த்த மினுக்கம். அதை யார் கொடுத்திருப்பார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. பின்னால் திரும்பினேன். பட்டுச்சேலையில் அக்கா நின்றிருந்தாள்.

"செங்கலக் கொண்டுபோயிக் காட்டுனேன், அடைக்கட்டுமான்னு. ஏசிட்டாரு" என்றாள். "எதுத்தாப்புல சொவரப் பாத்துக்கிட்டு அவன் என்ன செய்வான்னாரு. செங்கல வாங்கிக் கோழிக்கூட்டுக்குத் தளம் போட்டுட்டேன்."

வந்த விருந்தாளிகள் எல்லாரும் அந்த ஜன்னலைக் குனிந்து குனிந்து பார்த்தார்கள். "என்ன அண்ணாச்சி, தரையோட ஜன்னலு? வாஸ்துவா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆமா, வாஸ்துதான்" என்றார் அண்ணாச்சி. புது வேட்டியோடு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முக்கி முனகி வெறுந்தரையில் உட்கார்ந்தார். கதவைத் திறந்தார். சந்துக்கு அந்தப் பக்கம் அக்கா வீட்டு ஜன்னல் நேரெதிரே திறந்திருந்தது. கட்டில் காலியாக இருந்தது.

"ஏலே, எங்கன போயிட்ட? பந்தி போட்டாச்சு, வாலே!"

"கெளம்பி நிக்கேன் அண்ணாச்சி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "சட்ட மாட்டுதேன்."

"ஆளக் காணலியே?"

"குனிஞ்சு பாரும். காலு தெரியும்."

அண்ணாச்சி நெற்றி ஜன்னல் சட்டத்தில் படாத குறையாகக் குனிந்தார். நானும் அவர் தோளுக்குமேல் குனிந்து பார்த்தேன். எதிர் ஜன்னலில், வேட்டிக் கரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தரையில் ஊன்றி நின்றன. பக்கத்தில் கம்பு இல்லை.

அண்ணாச்சி வெகுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"நல்லா எண்ணிப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. ரெண்டும் இருக்கா?"